மோல்டர் பெரியவர் தை மாதத்தோடு நிற்கிறார்: அவர் கையில் இருப்பதை எப்படி வாங்கி வைப்பது?

வார்ப்படக்காரன் (கோவை)

வணக்கம். கணபதி பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பவுண்டரி, இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். மொத்தம் 34 பேர். பம்ப் கேசிங் (வெளி ஓடு), இம்பெல்லர் (உள்ளே சுற்றுகிற சக்கரம்), கொஞ்சம் மோட்டார் பாடி. எல்லாம் கிரே அயர்ன் என்கிற வார்ப்பிரும்பு.

எங்கள் மூத்த மோல்டர், அதாவது உருக்கிய இரும்பை ஊற்ற மண்ணில் அச்சு எடுப்பவர், வருகிற தை மாதத்தோடு வேலையை விடுகிறார். 41 வருஷ சர்வீஸ். அப்பாவே அவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார். நான் பிறக்கும் முன்பே பட்டறையில் இருந்தவர், அதனால் எனக்கு இன்னமும் 'தம்பி' பட்டம்தான்.

விஷயம் இதுதான். காலையில் வந்ததும் மண் குவியலில் கை விட்டு ஒரு பிடி எடுப்பார். இறுக்கிப் பிடித்து விரலைத் திறப்பார். மண்ணில் ரேகை பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் இரண்டாக உடைப்பார். உடைந்த இடம் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தால் தலையை ஆட்டுவார். ஓரம் உதிர்ந்தால் 'இன்னொரு சுத்து விடு' என்பார். ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மீட்டர் சரி என்று சொல்லி, அவர் வேண்டாம் என்று சொன்ன நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அவர் பேச்சைக் கேட்காமல் ஊற்றி இரண்டு முறை நஷ்டப்பட்டிருக்கிறேன்.

போன வருஷம் அக்கா பையனை விட்டு அவர் வேலை செய்வதை வீடியோ எடுத்தோம். மூன்று மணி நேரம். இதுவரை அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர், நானும் எடுத்தவனும். அவனும் பாதியில் தூங்கிவிட்டான்.

அடுத்து வரப்போகும் மூன்று பையன்களும் நல்லவர்கள். ஒருவன் ஒடிசா, இரண்டு பேர் திருச்சி பக்கம். இவர்களுக்கு இதை எப்படிக் கடத்துவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_ஹெச்ஆர்

எங்கள் பிளாண்டில் ஒருவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு படிவம் கொடுத்துவிடுவோம். தினசரி வேலை, மாத வேலை, அடிக்கடி வரும் பிரச்சினை, தீர்வு என்று நான்கு கட்டம். அவரே நிரப்பித் தர வேண்டும். கூடவே ஸ்கில் மேட்ரிக்ஸ், யாருக்கு எந்த வேலை தெரியும் என்கிற அட்டவணை. சின்ன பட்டறைக்கும் இது ஒத்துவரும். மாதிரிப் படிவம் வேண்டுமென்றால் தருகிறேன்.

பழைய சர்வீஸ்மேன் (சென்னை)

ஓசூர்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் படிவத்தில் 'அடிக்கடி வரும் பிரச்சினை' கட்டத்தில் உங்கள் ஆட்கள் என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். 'கவனமாக வேலை செய்ய வேண்டும்' என்று இருக்கும்.

நான் 22 வருஷம் காப்பியர் சர்வீஸ் பார்த்தவன். நம் ஊரில் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் 'ஜெராக்ஸ்' தான், அது வேறு கதை. மேனுவல் தலையணை கனம் இருக்கும். எரர் கோடு வந்தால் இந்தப் பக்கம் போ, அது இல்லையென்றால் அந்தப் பக்கம் போ. ஆனால் மெஷின் மேனுவல் படித்துக்கொண்டா கெட்டுப்போகிறது? நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அண்ணா சாலையில் ஒரு டீக்கடை வாசலில். மத்தியானம் மூன்று மணிக்கு நாலைந்து பேர் டூல் பையோடு கூடுவோம். 'நேத்து ஒரு வக்கீல் ஆபீஸ்ல, காலைல ஓடுது, மத்தியானம் ஜாம் ஆகுது, என்னன்னு பார்த்தா...' என்று ஒருவன் ஆரம்பிப்பான். (விஷயம் மழைக்காலத்து ஈரக் காகிதம். கட்டு ஜன்னலோரம் இருந்தது.) அந்தக் கதையைக் கேட்டவன் எவனும் அப்புறம் ஜன்னலைப் பார்க்காமல் மெஷினைத் திறந்ததில்லை.

பின்னாளில்தான் தெரிந்தது, இதை ஒருவர் ஆராய்ச்சியே செய்திருக்கிறார் என்று. ஜூலியன் ஓர் என்கிற மானிடவியலாளர். ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர், அதற்கு முன்பு அவரே டெக்னீஷியன். 1980களில் சர்வீஸ் ஆட்கள் பின்னாலேயே சுற்றியிருக்கிறார், காட்டுவாசிகளைப் படிக்கப் போகிற மாதிரி. அவர் கண்டதும் எங்கள் டீக்கடைதான். சாப்பிடும்போதும் காபி குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற மெஷின் கதைகளில்தான் உண்மையான தொழிலறிவு ஓடுகிறது, மேனுவலில் இல்லை.

அந்தக் கம்பெனி அதோடு விடவில்லை. 1990களில் பிரான்சில் ஆரம்பித்து 'யுரேகா' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். டெக்னீஷியன் தான் கண்டுபிடித்த வைத்தியத்தை எழுதி அனுப்புவான். அதே வேலை தெரிந்த இன்னொருவர் சரிபார்ப்பார். சரியாக இருந்தால் எல்லோருக்கும் போகும், எழுதியவன் பெயரோடு. குறிப்புக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது அந்த ஆட்களே வேண்டாம் என்றார்கள், பெயர் இருந்தால் போதும் என்று. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஈரக் காகிதத்தைக் கண்டுபிடித்தவனை இன்றைக்கும் நாங்கள் 'ஜன்னல்' என்றுதான் கூப்பிடுகிறோம். ரிட்டயர் ஆகிவிட்டான், பெயர் போகவில்லை.

நூல்கண்டு

கதை சொன்னால் தலைவர் ஆகிவிடலாம் என்று நம்பும் ஒரு முதலாளியிடம் பத்து வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே கதை. வாடகை சைக்கிளில் நூல் மூட்டை வைத்து மிதித்தது, மழையில் நனைந்தது, ஒரு ரொட்டியை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டது. ஆறாவது வருஷம் நாங்களே அடுத்த வரியை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டோம். சைக்கிள் செயின் கழன்ற இடத்தில் பொரிகடலை வந்துவிடும்.

அந்தக் கதையைக் கேட்டு என் வேலையில் நான் ஒன்றையாவது மாற்றிக்கொண்டேனா என்றால், இல்லை. அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது மட்டும் தெரிந்தது. அதே மனிதர் ஒரு முறை கணக்கில் தப்பு செய்து ஒரு கன்டெய்னர் சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளினார். அதைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் மார்க்கெட்டிங்கில் இருந்த நாங்கள் நாலு பேரும் காது தீட்டிக் கேட்டிருப்போம்.

திருப்பூர்_சாயம்

எல்லோரும் முதலாளி பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் டையிங் மாஸ்டர். என் சட்டைப் பையில் ஒரு நோட்டு இருக்கும். எந்த ஷேடுக்கு எந்த சாயம் எவ்வளவு, எந்தத் துணிக்கு உப்பு எத்தனை, எந்தத் தண்ணீர் வந்தால் எதைக் குறைக்க வேண்டும், எல்லாம் அதில். லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) அப்ரூவல் ஆகி, மொத்தத் துணிக்குச் சாயம் போடும்போது ஷேடு மாறினால் எத்தனை மணியானாலும் எனக்குத்தான் போன் வரும். அந்த நோட்டுதான் என் சம்பளம்.

ஒரு பட்டறையில் 'குடும்பம் மாதிரி இருக்கோம், எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம் மாஸ்டர்' என்றார்கள். நானும் நம்பி ஏற்றினேன். நாலே மாதத்தில் என்னிடம் எடுபிடியாக இருந்த பையனைப் பாதிச் சம்பளத்துக்கு மாஸ்டர் ஆக்கிவிட்டு என்னை அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து மெரூன் பிசகி என்னையே கூப்பிட்டார்கள் என்பது வேறு. நான் போகவில்லை.

'சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. வார்ப்படக்காரரே, முதலில் ஒன்று சொல்லுங்கள். சொல்லிக் கொடுக்கிற அந்தப் பெரியவருக்கு நீங்கள் என்ன தருகிறீர்கள்?

வார்ப்படக்காரன் (கோவை)

நியாயமான கேள்வி. கிராஜுவிட்டி, வழக்கமான கணக்கு, ஒரு மோதிரம். இவ்வளவுதான் யோசித்திருந்தேன். உண்மையைச் சொன்னால் சொல்லிக் கொடுப்பதற்கு என்று தனியாக எதுவும் யோசிக்கவில்லை.

சம்பளத்துக்கு ஸ்லைடு

நான் ஐடி. வேலையே ஸ்லைடு போடுவது. கதை விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உலக வங்கியில் நடந்தது.

ஸ்டீபன் டென்னிங் என்று அங்கே ஓர் அதிகாரி. 1996 வாக்கில் அவரை ஓரங்கட்டி 'தகவல் நிர்வாகத்தைப் பாரும்' என்று உட்கார வைத்தார்கள். வங்கி கடன் கொடுப்பதோடு நிற்காமல் தன் அனுபவ அறிவையும் உலகத்தோடு பகிர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. படம், வரைபடம், அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினார். யாரும் அசையவில்லை. பிறகு ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். 1995 ஜூனில் ஜாம்பியாவில் கமானா என்ற சிற்றூரில் ஒரு சுகாதாரப் பணியாளர் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் இணையதளத்துக்குப் போய் மலேரியாவுக்கு என்ன வைத்தியம் என்ற கேள்விக்குப் பதில் எடுத்தார். உலகத்தின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று, அதில் ஒரு மூலை. அவருக்குப் பதில் கிடைத்தது. ஆனால் அந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? வறுமை பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் வங்கி அங்கே இல்லையே?

அவ்வளவுதான் கதை. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. 1996 அக்டோபரில் வங்கித் தலைவர் உல்ஃபென்சன் ஆண்டுக் கூட்டத்தில், இனி நாம் 'அறிவு வங்கி' ஆவோம் என்று அறிவித்தார்.

இதில் நான் கவனித்தது, அந்தப் பணியாளரின் பெயர், முகம், குடும்பம் எதையும் டென்னிங் வளர்த்துச் சொல்லவில்லை. நிறையச் சொன்னால் கேட்பவன் ஜாம்பியாவிலேயே நின்றுவிடுவான். குறைத்துச் சொன்னால் தன் ஆபீஸை நினைக்க ஆரம்பிப்பான். நூல்கண்டு சொன்ன சைக்கிள் முதலாளி செய்தது நேர் எதிர், செயின் கழன்றதுவரை விவரம்.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004 ஜூனில் மூத்த குழுவின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று மெயில் அனுப்பினார். பதிலுக்கு வாக்கியமாக, பத்தியாக எழுதி வர வேண்டும். ஆறு பக்கம். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள். புள்ளி புள்ளியாகப் போட்டால் இரண்டு புள்ளிக்கு நடுவே என்ன சம்பந்தம் என்பதை மறைத்துவிடலாம், எழுதினால் மறைக்க முடியாது. என் பிழைப்புக்கே உலை வைக்கிற விஷயம், ஆனால் சரிதான்.

ஓசூர்_ஹெச்ஆர்

34 பேர் இருக்கிற பட்டறையில் ஆறு பக்கம் யார் எழுதுவது? ஒடிசா பையன் எந்த மொழியில் படிப்பான்?

சம்பளத்துக்கு ஸ்லைடு

எழுதச் சொல்லவில்லை. கோர்வையாகச் சொல்ல வைக்கச் சொல்கிறேன். 'ஈரம் சரியாக இருக்க வேண்டும்' என்பது புள்ளி. 'அன்றைக்கு ஈரம் சரியாக இருந்தும் ஏன் கெட்டது' என்பது கோர்வை.

ஒரகடம்_வெண்டார்

சாயக்காரர் சொன்ன பயம் தொழிலாளிக்கு மட்டும் இல்லை, கம்பெனிகளுக்கும் உண்டு. டிராயிங்கைக் காட்டினால் அடுத்தவன் செய்துவிடுவான் என்ற பயம். அதற்கு நேர் எதிராக நடந்தது ஒன்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள்.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடிகாலை. ஜப்பானில் காரியா என்ற ஊரில் ஐசின் கம்பெனியின் ஒரு தொழிற்சாலை எரிந்துபோனது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் பி-வால்வு என்கிற உள்ளங்கையில் அடங்குகிற சாமான் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் தயார். டொயோட்டாவோ இருப்பு வைக்காத கம்பெனி. இரண்டு மூன்று நாளில் கார் லைன்கள் நின்றன. எல்லோரும் வாரக்கணக்கில் படுத்துவிடும் என்றார்கள்.

ஐசின் என்ன செய்தது? டிராயிங்கை எடுத்து, செய்ய முடியும் என்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டது. அறுபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் வால்வு செய்ய இறங்கின. அதில் தையல் மெஷினுக்குப் பெயர் போன பிரதர் கம்பெனியும் உண்டு. கார் பாகம் செய்து பழக்கமே இல்லாதவர்கள். ஒருவன் துளை போடுவதில் ஒரு சிக்கலைத் தீர்த்தால் அடுத்தவனுக்கும் சொன்னான். விலை என்ன, யார் தருவார்கள் என்ற பேச்சே அப்போது இல்லை. ஒரு வாரம் பத்து நாளில் உற்பத்தி பழைய நிலைக்கு வந்துவிட்டது. காசு கணக்கெல்லாம் பிறகு தீர்த்தார்கள், டொயோட்டா தாராளமாகவே கொடுத்தது.

இது திடீரென்று வந்த ஒற்றுமை இல்லை. அதற்கு முன் எத்தனையோ வருஷம் அந்த சப்ளையர்கள் ஒருவர் கடைக்கு ஒருவர் போய்ப் பார்த்து, இந்த இடத்தில் வீண் ஆகிறது, அந்த இடத்தில் நேரம் போகிறது என்று சொல்லிப் பழகியவர்கள். தீப்பிடித்த அன்றைக்குப் போய்ப் பழக முடியாது.

திருப்பூர்_சாயம்

பிறகு கொடுத்தார்கள் பாருங்கள், அதைத்தான் கேட்கிறேன்.

மாட்டுத்தாவணி

பகிர்ந்தால் போச்சு என்பவர்களுக்கு மதுரையிலிருந்து ஒன்று. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். காசு கொடுக்கிற நோயாளியின் வரவில் காசில்லாதவருக்கும் சிகிச்சை, கணக்கு இடிக்காமல்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. 1992இல் அவர்கள் 'லைகோ' என்று ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். தங்கள் முறை முழுவதையும், நோயாளி எந்த வாசலில் நுழைந்து எந்த வரிசையில் போகிறார் என்பதுவரை, மற்ற ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே. நம் நாட்டிலும் வெளியிலும் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் வந்து கற்றுப் போயிருக்கின்றன. சொல்லிக் கொடுத்ததால் இவர்கள் கூட்டம் குறைந்ததா? விடிகாலையில் ஒரு தடவை அண்ணா நகர் பக்கம் வந்து பாருங்கள்.

பழைய சர்வீஸ்மேன் (சென்னை)

வார்ப்படக்காரரே, ஆளாளுக்கு ஜப்பான், ஜாம்பியா என்று கிளம்பிவிட்டோம். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை கூலி கொடுத்ததும் பசங்களை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். டீயும் வடையும் உங்கள் செலவு. கெட்டுப்போன ஒரு காஸ்டிங்கைக் கொண்டுவந்து நடுவில் போடுங்கள். பெரியவரைப் பேசச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் உங்கள் தப்பு ஒன்றைச் சொல்லுங்கள். முதலாளி வாயிலிருந்து தப்பு வந்தால்தான் மற்றவன் வாய் திறப்பான். வீடியோ வேண்டவே வேண்டாம், கேமராவைப் பார்த்தால் எல்லோரும் மேடைப் பேச்சு பேசுவார்கள்.

சாயக்காரர் கேட்டதற்கும் ஒரு வழி செய்துவிட்டு உட்காருங்கள். சும்மா உட்கார்ந்தால் வடை மட்டும்தான் தீரும்.

வார்ப்படக்காரன் (கோவை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெரியவரிடம் பேசினேன். தை மாதத்துக்குப் பிறகும் வாரம் இரண்டு நாள் வரட்டும், மண் பிடிக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், பசங்களோடு நின்றால் போதும், அதற்கு இப்போது வாங்குகிற நாள் கூலியைவிட அதிகம். எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை சொதப்பல். நான் பேசினேன், எல்லோரும் வடையைப் பார்த்தார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை, பழைய ஸ்கிராப்பில் கிடந்த ஒரு கேசிங்கைத் தூக்கி வந்து போட்டேன். 2012ஆம் வருஷத்துச் சரக்கு. கரண்ட் கட் உச்சத்தில் இருந்த நேரம், கோவைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பெரிய ஆர்டர், ஹைட்ரோ டெஸ்ட்டில் (தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்க்கிற சோதனை) வரிசையாகக் கசிந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊதின ஓட்டை. லாட் மொத்தமும் திரும்பி வந்தது. மண்ணில் ஈரம் அதிகம் என்பது முடிவு. மண் கலக்கிய பையன்மேல் பழி. அவன் தானாகவே நின்றுவிட்டான். நானும் அந்தக் கதையை அப்படியேதான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன், கூடவே 'மண்ணை நான் போய்ப் பார்க்காதது என் தப்பு' என்று ஒரு வரி சேர்த்து.

பெரியவர் எழுந்து வந்தார். கேசிங்கைத் திருப்பிப் போட்டார். ஓட்டைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று ஒடிசா பையனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் விரல் உள் பக்கம் போனது, கோர் உட்கார்ந்த பக்கம். (கோர் என்பது உள்ளே வெற்றிடம் விழ அச்சுக்குள் வைக்கிற, எண்ணெய் கலந்து வேக வைத்த மண் கட்டி.) மண் பக்கம் வழவழவென்று இருந்தது.

'மண்ணு ஈரம்னா ஓட்டை இங்கல்ல இருக்கணும்' என்று வெளிப்பக்கத்தைத் தட்டினார்.

அன்றைக்கு நடந்தது இது. கோர் வேக வைக்கிற அடுப்பு கரண்டில் ஓடுவது. ஜெனரேட்டரை கியூபோலா (இரும்பு உருக்கும் உலை) புளோயருக்குக் கொடுத்துவிட்டோம். கோர் பாதி வெந்த நிலையில் கரண்ட் போனது. மறுநாள் டெலிவரி என்று அதையே எடுத்து வைக்கச் சொன்னது நான். எனக்கு அது சுத்தமாக மறந்தேபோயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மறைக்கவில்லை, மறந்திருந்தேன். வேகாத கோரில் இருக்கிற எண்ணெய் இரும்பு பட்டதும் காற்றாகி உள்ளே ஊதிவிட்டது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். 'அன்னிக்கு நீங்க யாரு பண்ணுனதுன்னு கேட்டீங்க தம்பி. அதுக்கு நான் என்னன்னு சொல்ல?' என்றார்.

யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே கோர் அறைக்குப் போய் மூன்று கோர் எடுத்து வந்தார். ஒன்று வெளிறிப்போய், ஒன்று கடலைத் தோல் நிறத்தில், ஒன்று கருகி. மூன்றையும் மூக்கருகே வைத்துப் பார்க்கச் சொன்னார். வேகாததில் பச்சை எண்ணெய் வாசம் இருக்கிறது. 15 வருஷமாக அந்த அறைக்குள் போய் வருகிறேன், எனக்கு இது தெரியாது.

திருப்பூர்_சாயம்

நின்றுபோன அந்தப் பையன் இப்போது எங்கே?

வார்ப்படக்காரன் (கோவை)

அரசூர் பக்கம் வேறொரு பவுண்டரியில் இருப்பதாகப் பெரியவர் சொன்னார். இவர்தான் அப்போது சேர்த்துவிட்டிருக்கிறார். போன ஞாயிறு நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கு அவர். இப்போது அங்கே சூப்பர்வைசர்.

ஓசூர்_ஹெச்ஆர்

ஒரு சந்தேகம். இந்த மூன்று கோர் விஷயத்தை எங்காவது எழுதி வைத்தீர்களா, இல்லை பேச்சோடு விட்டுவிட்டீர்களா? படிவக்காரன் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

வார்ப்படக்காரன் (கோவை)

எழுதவில்லை. மூன்று கோரையும் கோர் அடுப்பின் பக்கத்துச் சுவரில் பலகை அடித்து மாட்டிவிட்டோம். நடுவில் இருப்பதற்குக் கீழே ஒடிசா பையன் சாக்பீஸில் பெரியவர் பெயரை எழுதியிருக்கிறான், அவன் எழுத்தில். எங்களுக்கு யாருக்கும் படிக்கத் தெரியாது. அவன் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமைக்குப் பெரியவர் ஒரு இம்பெல்லரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அது யார் செய்த தப்பு என்று கேட்டேன். 'என்னுது' என்றார்.